ஒரு நாற்றுமேடை, இரண்டு கன்றுகள்: தேயிலையும் கமீலியாவும்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் வீதியோரத்தில் உள்ள ஒரு நாற்றுமேடையில், ஒன்றரை ஆண்டுகளுக்கும் சற்று முன்னர், ஓர் ஆவணி விடுமுறை நாளில் இரண்டு கன்றுகளை வாங்கினேன். ஒன்று தேயிலை. மற்றையது, அதன் கழுத்தில் தொங்கிய அட்டையின்படி, ‘ஜப்பான் ரோஸ்’. இரண்டும் இப்போது தலவாக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டிலும் பூ பார்த்துவிட்டேன். ஒன்றைச் சாகக் கொடுக்க இருந்து, காப்பாற்றியும் விட்டேன். ஆகவே அந்த நாற்றுமேடையைப் பற்றியும், அங்கே விற்கப்படும் இந்த இரண்டு செடிகளைப் பற்றியும், அவற்றின் பெயர்களைப் பற்றியும் எழுதும் தகுதி எனக்கு இப்போது வந்திருப்பதாக நினைக்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. நான் குறைகூறப்போகும் பழக்கம் அந்த வீதியிலுள்ள பல கடைகளுக்கும் பொதுவானது. ஒருவரை மட்டும் பெயர் சொல்லிச் சுட்டுவது நியாயமாகாது.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். கன்றுகளை வளர்க்கும் விதத்தில் அந்த நாற்றுமேடை மிகவும் நேர்த்தியானது. நிழல்வலைக்குக் கீழே பாத்திகள் சரிவுக்கு ஏற்றவாறு வெட்டப்பட்டுள்ளன. மழைநீர் ஓரிடத்திலும் தேங்குவதில்லை. வாங்குவதற்கு முன் வேரைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, பெரியவர் ஒருவர் முகம் சுளிக்காமல் சாடியைக் கவிழ்த்து மண்கட்டியை முழுதாக எடுத்துக் காட்டினார். வேர் வெண்மையாக, சுற்றிச் சுருளாமல், மண்ணை அளவாகப் பற்றியிருந்தது. வீதியோரக் கடைகளில் பல ஆண்டுகளாகச் செடி வாங்கி வருகிறேன். இப்படிக் காட்டியவர் இவர் ஒருவரே. இரண்டடி உயரமான ‘ஜப்பான் ரோஸ்’ 1,500 ரூபாய். தேயிலைக் கன்று 70 ரூபாய். முதலாவது விலை சற்று அதிகம்போலத் தோன்றலாம்; ஆனால் அச்செடி மிக மெதுவாக வளர்வது, இரண்டடி வளர அதற்குச் சில ஆண்டுகள் சென்றிருக்கும் என்பதை இப்போது அறிந்திருப்பதால், அந்த விலையில் குறைகாண எனக்கு மனமில்லை.

தேயிலைப் பகுதிதான் அந்த நாற்றுமேடையின் பெருமை. தோட்டத்தில் தவறணை என்று சொல்வோமே, அதே ஒழுங்கு அங்கும் இருந்தது. பொலித்தீன் உறைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள். ஒவ்வொன்றும் ஓர் இலையும் சிறு தண்டுத் துண்டும் கொண்ட வெட்டுத்துண்டிலிருந்து எழுந்தது. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு தகரப் பலகை, அதில் ‘டி.ஆர்.ஐ. 2025’ என்பது போன்ற இலக்கம். அதற்குக் கீழே வெட்டுத்துண்டு நட்ட திகதி. 1925இல் தொடங்கப்பட்டு, இன்று தலவாக்கலை சென்கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் (டி.ஆர்.ஐ.) தெரிவுசெய்து கொடுத்த வகைகளின் இலக்கங்கள் அவை. கால் ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கூட இலக்கம் கேட்காமல் கன்று வாங்கமாட்டார். எந்த வகை எந்த உயரத்துக்குப் பொருந்தும், எது வறட்சியைத் தாங்கும் என்பதெல்லாம் அந்த நான்கு எண்களில் அடங்கியிருக்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அதே நாற்றுமேடையில், பத்து அடி தள்ளி, பூச்செடிகளின் பகுதிக்கு வந்தவுடன் இந்தக் கவனம் முழுவதும் மறைந்துவிடுகிறது. ‘மணிப்பூ’, ‘சைனா பூ’, ‘வெள்ளை அடுக்கு’, ‘ஜப்பான் ரோஸ்’ என்று கையில் வந்த பெயர்களை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இது ரோசாவா என்று நான் கேட்டதற்கு, கடையிலிருந்த இளைஞர், “ஆமா டீச்சர், ரோசாவேதான். ஜப்பான்ல உள்ள ரோசா. முள்ளு இல்லாத சாதி” என்றார். ஏமாற்றும் நோக்கம் அவரிடம் சிறிதும் இருக்கவில்லை. அட்டையில் உள்ளதை அவர் நம்பினார்; அவர் சொன்னதை நான் நம்பினேன்.

நம்பியதன் விளைவு இதுதான். ரோசாவுக்குச் செய்வதையெல்லாம் அந்தச் செடிக்குச் செய்தேன். விறகடுப்புச் சாம்பலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூரைச் சுற்றித் தூவினேன். முட்டைக்கோதை இடித்துப் போட்டேன். ஐப்பசியில், ரோசாவைக் கவ்வாத்துப் பண்ணுவதுபோல, கிளைகளின் நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டேன். நுனிகளில் உருண்டு திரண்டிருந்த மொட்டுகளைப் பார்த்தேன். புதுத்தளிர் வந்தால் இன்னும் அதிகம் பூக்கும் என்று எண்ணி அவற்றையும் சேர்த்தே வெட்டினேன். மார்கழிக்குள் இலைகள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி வெளிறியது. உரம் போதவில்லை என்று கருதி இன்னும் சாம்பல் போட்டேன்.

தை மாதத்தில், என் கத்திக்குத் தப்பிய ஒரே ஒரு மொட்டு, தண்டின் அடிப்பக்கத்தில், விரிந்தது. இளஞ்சிவப்பு நிறம், அகன்ற இதழ்கள், நடுவில் மகரந்தம் தாங்கும் இழைகளான அடர்ந்த மஞ்சள் கேசரங்கள். ஒரு வாரம் நின்றது. பிறகு ஒரு காலையில் இதழ் ஒன்றுகூடப் பிரியாமல், முழுப்பூவாகவே தரையில் கிடந்தது. அதை என் அம்மாதான் கையில் எடுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த கை அது. பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ரோசா இல்லம்மா. ரோசா இப்புடி முழுசா விழாது. நடுவுல பாரு, தேயிலைப் பூவுக்கு இருக்கிற அதே மஞ்ச. தேயிலைப் பூவப் பெருசாக்கி வச்ச மாதிரியே இருக்கு” என்றார். வேலியோரத்தில் பல ஆண்டுகளாகக் கவ்வாத்துப் படாமல் மரமாகிவிட்ட ஒரு பழைய விதைத்தேயிலை நிற்கிறது. அதிலிருந்து ஒரு பூவைக் கொய்துவந்து பக்கத்தில் வைத்தார். எந்தத் தாவரவியல் நூலையும் அவர் படித்ததில்லை; ஆயினும் அன்று அவர் சொன்னது முற்றிலும் சரி.

அந்தச் செடியின் பெயர் கமீலியா ஜப்பானிக்கா. தேயிலையின் பெயர் கமீலியா சினென்சிஸ். இரண்டும் தேயிலைக் குடும்பமான தியேசியேயில், கமீலியா என்ற ஒரே பேரினத்தில் அடங்கும் இரண்டு இனங்கள். ரோசா முற்றிலும் வேறான ரோசேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ‘ஜப்பான் ரோஸ்’ என்பது அந்த இளைஞர் கற்பனைசெய்த பெயரும் அன்று. கமீலியா ஐரோப்பாவுக்குச் சென்ற தொடக்க காலத்தில் ஆங்கிலேயத் தோட்டக்காரர் வைத்த செல்லப் பெயர். தொரைமார் பங்களாக்களின் பூந்தோட்டங்கள் வழியாக அது இந்த மலைகளுக்கும் வந்து தங்கியிருக்க வேண்டும்.

அம்மா பக்கத்தில் பக்கமாக வைத்த அந்த இரண்டு பூக்களையும் ஓர் உருப்பெருக்கியின் கீழ் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரு செடிகளையும் வாங்க எண்ணுவோர் கடையிலேயே செய்து பார்க்கத்தக்க ஒப்பீடு என்பதால், கண்டவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இலையிலிருந்து தொடங்கலாம். இரண்டின் இலையோரமும் அரம்போன்ற நுண்ணிய பற்களைக் கொண்டது. ஆனால் கமீலியாவின் இலை தடித்தது, தோல்போல விறைத்தது, எண்ணெய் பூசியதுபோல மினுங்குவது. தேயிலையின் முற்றிய இலை அதைவிட மெல்லியது, நீண்டது, மினுக்கம் குறைந்தது. தளிரில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். தேயிலைத் துளிர்மொட்டின்மேல் வெள்ளிநிறப் பூம்பஞ்சு படர்ந்திருக்கும். இளம் இலையின் அடிப்புறத்திலும் அது இருக்கும். என் கமீலியாவின் தளிரை விரலால் தடவிப் பார்த்தேன்; வழவழப்பாகவே இருந்தது.

பூவில், தேயிலைக்கு வெள்ளை நிறம், மூன்று அல்லது நான்கு சதமமீற்றர் அகலம், ஐந்து முதல் எட்டு இதழ்கள். அது ஒரு சிறு காம்பில் தலை கவிழ்ந்து தொங்கும். அடியில் பச்சை இதழ்போன்ற ஐந்து புல்லிகள் தெளிவாகத் தெரியும். பூ உதிர்ந்து காய் முற்றிய பின்னரும் அந்தப் புல்லிகள் காயின் அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கமீலியா ஜப்பானிக்காவுக்கோ காம்பு இல்லையென்றே சொல்லலாம். பூ கிளையின்மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. பூவடிச் செதில் எது, புல்லி எது என்று பிரித்துக்கூற முடியாதபடி, ஓடுவேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள் மொட்டைப் பொதிந்திருக்கின்றன. பூ விரிந்ததும் அவை உதிர்ந்துவிடுகின்றன. பின்னர் காயாக மாறும் பகுதியான சூலகத்தைப் பார்த்தால் தேயிலையுடையது அடர்ந்த மயிர் போர்த்தது, ஜப்பானிக்காவினுடையது மயிரற்றது. இரண்டு இனங்களையும் ஒரே பேரினத்துக்குள் வேறு வேறு பிரிவுகளில் வைப்பதற்குத் தாவரவியலார் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்: காம்பு, புல்லி, கேசரம், சூலகம்.

கேசரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்; இந்த இரண்டு செடிகளின் பெயர் வரலாறு முழுவதும் அவற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. கமீலியாவின் பூவை நீளவாட்டில் பிளந்தால், வெளிவட்டக் கேசரங்களின் இழைகள் பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாகி நிற்பதைக் காணலாம். இதழ்களின் அடியும் அந்தக் குழாயோடு இணைந்திருக்கிறது. பூ முழுதாக விழுவதற்குக் காரணம் அதுவே. தேயிலைப் பூவில் கேசரங்கள் நூற்றுக்கு மேலும் இருக்கக்கூடும். அவை பஞ்சுபோலத் தனித்தனியாக விரிந்திருப்பதாகவே வெறுங்கண்ணுக்குத் தோன்றும்.

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753இல் உலகத் தாவரங்களை இரண்டு தொகுதிகளில் வகைப்படுத்தி வெளியிட்டபோது, பூக்கும் தாவரங்களைப் பெரும்பாலும் கேசரங்களின் எண்ணிக்கையையும் அவை நிற்கும் விதத்தையும் கொண்டே வகுப்புகளாகப் பிரித்தார். தனித்தனியான பல கேசரங்கள் உடையவற்றுக்கு ஒரு வகுப்பு. ஒரே கட்டாக இணைந்த கேசரங்கள் உடையவற்றுக்கு இன்னொரு வகுப்பு. இந்த அளவுகோலை வைத்ததால், தேயிலை ‘தியா சினென்சிஸ்’ என்ற பெயரோடு முதல் தொகுதிக்குப் போயிற்று. கமீலியா ஜப்பானிக்கா இரண்டாம் தொகுதியில், செம்பருத்தி இருக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தது. செம்பருத்தியின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கேசரக் குழாயை நினைத்துக்கொண்டால் இந்தத் தீர்ப்பின் தர்க்கம் விளங்கும். லின்னேயஸ் கவனமில்லாமல் செய்த பிழை அன்று அது. ஒரே ஓர் உறுப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் உறவினர் பிரிந்துபோவார்கள் என்பதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. தேயிலைப் பூவையும் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், அதன் வெளிவட்டக் கேசரங்களும் அடியில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு ஒட்டியிருப்பதைக் காணலாம். அதைக் காண எனக்கு மூன்று பூக்கள் தேவைப்பட்டன.

கமீலியா என்ற பெயர், மொராவியாவின் புர்னோ நகரில் 1661இல் பிறந்து, மணிலாவில் மருந்தாளராகப் பணியாற்றி, பிலிப்பைன்ஸ் தாவரங்களைப் பற்றி எழுதி, 1706இல் அங்கேயே மறைந்த யேசுசபைத் துறவி கியோர்க் கமெல் என்பவரின் நினைவாக லின்னேயஸ் இட்டது. 1762இல் லின்னேயஸ் தேயிலையையே இரண்டு இனங்களாகப் பிரித்தார்: ஆறிதழ் உடையது ‘தியா போஹியா’, ஒன்பது இதழ் உடையது ‘தியா விரிடிஸ்’. கறுப்புத் தேயிலை ஒரு செடியிலிருந்தும் பச்சைத் தேயிலை வேறொரு செடியிலிருந்தும் வருகின்றன என்று ஐரோப்பியர் அப்போது நம்பினர். 1840களில் சீனாவின் தோட்டங்களுக்குள் சென்று பார்த்த, தாவரங்கள் திரட்டும் ஸ்கொட்லாந்துக்காரரான ரொபர்ட் ஃபோர்ச்சூன், இரண்டும் ஒரே செடியின் இலை, வேறுபாடு பதப்படுத்தும் முறையில்தான் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். தொழிற்சாலையில் வேலைசெய்த எங்கள் பாட்டனாரிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

பிரிந்த உறவினரை ஒன்றுசேர்த்தவர் ஆங்கிலேயரான ரொபர்ட் சுவீட். 1818இல் அவர் தியா, கமீலியா என்ற இரண்டு பேரினங்களையும் ஒன்றாக்கி, கமீலியா என்ற பெயரைத் தெரிவுசெய்தார். இரண்டு பெயர்களும் ஒரே நூலில் வந்தவையாதலால், அவற்றை ஒரே காலத்தில் வெளியானவையாகக் கொள்கிறது தாவரப் பெயரிடல் விதி. அவ்வாறான நிலையில், முதலில் ஒன்றாக்கியவர் எதைத் தெரிவுசெய்கிறாரோ அதுவே நிலைக்கும். ‘கமீலியா சினென்சிஸ்’ என்று தேயிலைக்கு இன்றுள்ள பெயரை 1887இல் அமைத்தவர் ஜேர்மனியரான ஒட்டோ குன்ட்சே. இதற்குப் பின்னரும் நெடுங்காலம் தேயிலை நூல்கள் பழைய பெயரையே எழுதிவந்தன. தியா என்ற பேரினம் இவ்வாறு மறைந்துபோனாலும், குடும்பத்தின் பெயர் மட்டும் அதையே தாங்கி இன்றும் தியேசியே என்று நிற்கிறது. பேரன் பேத்திகள் வேறு பெயர் எடுத்துக்கொண்ட பின்னரும் வீட்டுப்பெயர் பாட்டியின் பெயராகவே இருப்பதுபோல, எனக்கு இதில் ஒரு நிறைவு உண்டு.

வகைப்பாடு அதோடு முடிந்துவிடவில்லை. கமீலியா பேரினத்தில் எத்தனை இனங்கள் உள்ளன என்பதில் வல்லுநர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1958இல் ரொபர்ட் சீலி 82 இனங்களை ஏற்றார். சீனாவின் சாங் ஹுங்தா பின்னர் 200க்கும் மேற்பட்டவற்றை விவரித்தார். 2000இல் மிங் தியன்லு அவற்றை 119 ஆகக் குறைத்தார். ஆனால் இந்தக் கணக்குகள் எதிலும் தேயிலையும் ஜப்பானிக்காவும் வேறு பேரினங்களுக்குத் திரும்பிச் செல்லவில்லை. இரண்டின் உடற்கலங்களிலும், மரபுக்கூறுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் முப்பதே உள்ளன. நம் மலைகளிலுள்ள பழைய விதைத்தேயிலை பெரும்பாலும் சீனத் தேயிலையும் அசாம் தேயிலையும் பல தலைமுறைகளாகக் கலந்தது. சிறிய இலையுடைய சீன வகையும் பெரிய இலையுடைய அசாம் வகையும் ஒரே இனத்தின் இரண்டு பேதங்களாகவே கொள்ளப்படுகின்றன. எங்கள் வேலியோரத் தேயிலையில் ஒரே செடியில் இரண்டின் சாயலும் தெரிகிறது.

இவற்றில் எதுவும் இலங்கைக்குச் சொந்தமான செடி அன்று என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலையின் தாயகம் தென்மேற்குச் சீனா, வட மியன்மார், அசாம் பக்கம். ஜப்பானிக்காவின் தாயகம் ஜப்பான், கொரியாவின் தென்பகுதி, கிழக்குச் சீனா, தாய்வான். பேராதனைப் பூங்காவுக்குச் சீனத் தேயிலை 1824இல் வந்தது; கோப்பிச் செடியை 1869 முதல் இலைத்துரு நோய் அழிக்கத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். தேயிலைக் குடும்பத்தின் உள்ளூர் உறுப்பினர் ஒன்று காண விரும்புவோர் மலைக்காடுகளில் கோர்டோனியா மரத்தைத் தேட வேண்டும். அதன் பூவைப் பார்த்தவுடன் உறவு தெரிந்துவிடும்.

இனி, இந்த வகைப்பாட்டால் முற்றத்தில் என்ன பயன் என்ற கேள்விக்கு வருகிறேன். அட்டையில் ‘கமீலியா, தேயிலைக் குடும்பம்’ என்ற மூன்று சொற்கள் இருந்திருந்தால், நான் சாம்பலைத் தொட்டிருக்கவே மாட்டேன். மலையகத்தில் பிறந்த எவரும் தொட்டிருக்கமாட்டார். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பீ.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது தோட்டத்து உத்தியோகத்தர் முதல் சிறுதோட்டக்காரர் வரை அறிந்த விடயம். மண் அதற்கும் மேலாகப் புளித்துப்போனால் மட்டுமே, கவ்வாத்துக் காலத்தில், அளந்து, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் என்ற சுண்ணப்பொடி போடுவார்கள். அதன் உடன்பிறப்பான கமீலியாவுக்கும் புளிப்பு மண்ணே தேவை. சாம்பலும் முட்டைக்கோதும் மண்ணின் புளிப்பை முறித்தன. புளிப்புக் குறைந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் அது கரையாத வடிவத்துக்கு மாறிவிடுவதால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நின்றதன் காரணம் அதுவே. அன்று மாலையே மேல்மண்ணை மூன்று அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அயலவரின் தேயிலை நிலத்திலிருந்து மண்ணும் இலைமக்கும் கொண்டுவந்து போட்டோம். புதிய தளிர் பச்சையாக வருவதற்கு நான்கு மாதங்கள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் உறவுமுறையை மட்டும் நம்பி எல்லாவற்றிலும் ஒன்றுபோல நடத்திவிடவும் கூடாது. கவ்வாத்து விடயத்தில் இரண்டும் எதிரெதிர். தேயிலையை நாம் இலைக்காக வளர்க்கிறோம். நுனியை ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை கிள்ளிக்கொண்டே இருப்பதாலும், உயர்நிலங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழக் கவ்வாத்து வெட்டுவதாலும், மரமாகி நிற்க வேண்டிய செடி இடுப்பளவு மேசையாகிறது. பூக்கும் வாய்ப்பும் அதற்குக் குறைந்துபோகிறது. ரோசாவை வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து எழும் புதுத்தண்டில் பூ வரும். கமீலியாவோ ஒரு தளிர்ப்பருவம் முடிந்தவுடன் அந்தத் தளிரின் நுனியிலேயே அடுத்த பூக்காலத்துக்குரிய மொட்டைக் கட்டி, மாதக்கணக்காகச் சுமந்து நிற்கும். திரண்டு உருண்டது பூமொட்டு. ஒடுங்கிக் கூர்மையானது இலைமொட்டு. அதை வெட்ட வேண்டுமானால் பூ உதிர்ந்தவுடன், அடுத்த தளிர் எழுவதற்கு முன் வெட்ட வேண்டும். அதுவும் வடிவம் திருத்தும் அளவுக்கே. இதைக் கடைப்பிடித்த பின், சென்ற தையில் பத்தொன்பது பூக்கள் எண்ணினேன்.

தேயிலைக் கன்றை நான் ஒருமுறையும் கிள்ளவில்லை. ஐப்பசியில் அது பூத்தது. இலைகளுக்கு அடியில் ஒளிந்து, தலைகவிழ்ந்து, மெல்லிய மணத்தோடு. கமீலியாவுக்கு மணம் இல்லை. தேனீக்கள் தேயிலையையே நாடின. தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்தும், வேண்டுமென்றே பூக்கவிட்ட ஒரு தேயிலைச் செடியை என் வாழ்நாளில் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. முற்றத்தில் ஓர் அழகுச்செடியாக வைக்கத் தேயிலை தகுதியானது என்பதை இங்கே உறுதியாகச் சொல்கிறேன். 70 ரூபாய்க்கு அதைவிடச் சிறந்த பூச்செடி அந்த வீதியில் கிடையாது. மூன்று அறை கொண்ட அதன் காய் முற்றுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு செல்லும். கமீலியாவின் காய் அதைவிடப் பெரியது, தடித்த தோலுடையது. அதன் விதையிலிருந்து ஜப்பானியர் கூந்தலுக்குப் பூசும் எண்ணெய் எடுக்கிறார்கள். ஆயினும் கமீலியா ஜப்பானிக்காவின் இலையைக் கொழுந்தாக எண்ணித் தேநீர் போட வேண்டாம். தேயிலைக்கு உரிய கஃபீன் அதில் இல்லையென்றே சொல்லலாம். நோயிலும் உறவு தெரிகிறது. 1946இல் இலங்கைத் தோட்டங்களுக்குள் வந்த கொப்புள நோயை உண்டாக்கும் பங்கசு எக்சோபசிடியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கமீலியாவின் தளிரைத் தடிக்கச்செய்து வெளுக்கவைக்கும் நோய்க்கும் அதே பேரினத்தின் வேறோர் இனமே காரணம். ஈரமான மாதங்களில் இரண்டு செடிகளின் தளிரையும் ஒரே கண்ணோடு பார்த்துக்கொள்வது நல்லது.

பூக்களைக் கண்ட பிறகு, சென்ற மாசியில் அதே நாற்றுமேடைக்கு மீண்டும் போனேன். உலர்த்திய இரண்டு பூக்களையும் ஒரு கொப்பித் தாளில் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். வேர் காட்டிய அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நாப்பது வருசமா ரெண்டையும் விக்கிறேன் டீச்சர். சொந்தம்னு தெரியாமப் போச்சே” என்றார். செடி மஞ்சளானதற்கு ஈடாகப் பணத்தில் பாதியைத் திருப்பித் தர முன்வந்தார். வாங்கவில்லை, அட்டைகளை மாற்றும்படி மட்டும் கேட்டேன். அன்றே இளைஞரை அழைத்து ஆறு அட்டைகளை மாற்றி எழுதச் சொன்னார். இப்போது அவற்றில் ‘கமீலியா ஜப்பானிக்கா – தேயிலைச் சாதி – சாம்பல் போடக்கூடாது – பூத்த பிறகே வெட்டவும்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறது. வளர்ப்பில் முன்பே முழு மதிப்பெண் பெற்ற கடை அது. பெயரிடலிலும் இப்போது பாதி வழி வந்துவிட்டது. மிகுதி, நிறவகைகளின் பெயர்கள்: வெள்ளை முழு அடுக்கு, சிவப்பு, இளஞ்சிவப்பு என்றே இன்னும் விற்கிறார்கள். கமீலியா ஜப்பானிக்காவுக்கு ஆயிரக்கணக்கான தோட்ட வகைகள் உண்டு. தேயிலைக்கு இலக்கம் எழுதும் கை அவற்றுக்கும் பெயர் எழுதப் பழக வேண்டும். அந்த வெள்ளை முழு அடுக்கை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும்: அதில் கேசரங்கள் யாவும் இதழ்களாக மாறிவிட்டிருப்பதால், நான் மேலே சொன்ன ஒப்பீட்டை அந்தப் பூவில் செய்ய முடியாது, இலையையும் மொட்டின் செதில்களையும் கொண்டே இனங்காண வேண்டும்.

புறப்படும்போது பெரியவர் கடையின் பின்பக்கத்துக்கு அழைத்துப்போய் இன்னொரு செடியைக் காட்டினார். ‘சின்ன ஜப்பான் ரோஸ்’ என்ற பழைய அட்டை அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இலை ஜப்பானிக்காவினுடையதிலும் சிறியது. இளங்கிளையில் மெல்லிய மயிர். பூவில் இலேசான மணம். தரையில் முழுப்பூ ஒன்றுகூடக் கிடக்கவில்லை. இதழ்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. சூலகத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன், மயிர் இருந்தது. 1784இல் சுவீடன் தாவரவியலாளர் தூன்பேர்க் பெயரிட்ட கமீலியா சசாங்குவாவாக அது இருக்க வேண்டும் என்று சொன்னேன். பெரியவர் பழைய அட்டையைக் கழற்றித் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, புதிய அட்டையில் தாமே எழுதினார்.